கசியும் கல்லீரலுக்கு ஒரு பசை

ஒன்றேகால், ஒன்றரை கிலோ எடைதான் இருக்கும். ஆனால் கல்லீரலுக்குள் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் நுழைந்து வெளியேறுகிறது. இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தில் கால் பங்கு இது. இந்த ரத்தத்தில் முக்கால்வாசி தமனி வழியாக வருவதில்லை. குடலிலும் மண்ணீரலிலும் சுற்றி முடித்த ரத்தத்தைத் திரட்டிக்கொண்டு போர்ட்டல் சிரை கொண்டுவருகிறது. மீதிதான் கல்லீரல் தமனியின் வரவு. இரண்டும் உள்ளே கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் சைனுசாய்டு எனப்படும் நுண்ணிய இடுக்குகளில் ஒன்றாகக் கலந்து, மூன்று பெரிய கல்லீரல் சிரைகள் வழியாக இதயத்தை நோக்கிப் போய்விடுகின்றன.

இப்படிப்பட்ட உறுப்பில் புற்றுநோய்க் கட்டி வந்தால் அதை வெட்டி எடுக்க வேண்டும். விபத்தில் கிழிந்தால் அடைக்க வேண்டும். உறவினருக்குக் கொடுப்பதற்காக ஆரோக்கியமான ஒருவரின் கல்லீரலில் பாதியைப் பிரித்தெடுக்க வேண்டிய அறுவையும் இன்று வழக்கமாகிவிட்டது. எதுவாக இருந்தாலும் வேலை முடியும்போது உள்ளங்கை அளவோ அதைவிடப் பெரிதோ ஒரு வெட்டுப்பரப்பு திறந்தபடி நிற்கும். அந்தப் பரப்பிலிருந்து ரத்தம் கசியும். அந்தக் கசிவை நிறுத்த, மனித ரத்தத்திலிருந்தே எடுத்த புரதங்களால் ஆன ஒரு பசையைப் பூசுகிறார்கள், அல்லது அதே புரதங்கள் தடவிய ஓர் ஒட்டுத்தாளை வைத்து அழுத்துகிறார்கள். இந்தப் பசை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் கல்லீரல் ஏன் இப்படிக் கசிகிறது என்று பார்க்க வேண்டும்.

கையில் ஒரு சிறு தமனி வெட்டுப்பட்டால் அதன் சுவரிலுள்ள தசை சுருங்கி வாயைக் குறுக்கிக்கொள்ளும். ரத்தம் உறைவதற்கு அதுவே பாதி உதவி. சைனுசாய்டுகளுக்குத் தசையே கிடையாது. ஒற்றைச் செல் தடிப்புள்ள, அதிலும் சல்லடைபோல் துளைகள் கொண்ட சுவர்தான் அவற்றுக்கு. வெட்டினால் அப்படியே திறந்து கிடக்கும். கல்லீரல் சிரைகளின் கதை இன்னும் மோசம். அவற்றின் மெல்லிய சுவரைச் சுற்றியுள்ள கல்லீரல் திசு நாலா பக்கமும் இழுத்துப் பிடித்திருப்பதால், வெட்டுப்பட்ட பிறகும் அவை மடங்கி மூடிக்கொள்வதில்லை. சரி, தைத்துவிடலாம் என்றால் திசு தையலைத் தாங்காது. நூலை இறுக்கினால் நூலே திசுவை அறுத்துக்கொண்டு வரும், புதிதாக இன்னொரு கசிவு தொடங்கும்.

பெர்லினில் கார்ல் லாங்கன்புக் 1888இல் முன்கூட்டியே திட்டமிட்டு ஒரு பெண்ணின் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்தார். அறுவை முடிந்த பிறகு உள்ளே ரத்தம் போகவே, வயிற்றை மறுபடி திறக்க நேர்ந்தது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். இருபது ஆண்டுகள் கழித்து, 1908இல், கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரியில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் ஒரு கட்டுரை எழுதினார். அடிபட்டுக் கல்லீரல் கிழிந்தவர்களுக்கு அறுவை செய்யும்போது, கல்லீரலுக்குள் போகும் தமனியும் போர்ட்டல் சிரையும் சேர்ந்து வரும் இடத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்து நெரித்தால் ரத்தம் நிற்கிறது என்பதுதான் செய்தி. அவர் அறுவை செய்த நோயாளிகளில் எவரும் பிழைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பிடி நிலைத்துவிட்டது. உலகெங்கும் கல்லீரல் அறுவை நடக்கும் தியேட்டர்களில் இன்றும் அது பிரிங்கிள் பெயராலேயே வழங்குகிறது. விரலுக்குப் பதில் ஒரு நாடாவோ கிளாம்ப்போ போடுகிறார்கள். பதினைந்து நிமிடம் இறுக்கி, ஐந்து நிமிடம் தளர்த்தி, மறுபடி இறுக்குவது பொதுவான வழக்கம்.

பிரிங்கிள் பிடி உள்ளே வரும் ரத்தத்தைத்தான் தடுக்கும். வெளியே போகும் கல்லீரல் சிரைகளில் வால்வு இல்லாததால் இதயப் பக்கத்திலிருந்து ரத்தம் பின்னோக்கி வந்து வெட்டுப்பரப்பில் கொட்டும். இதற்கு மருந்து மயக்கவியல் மருத்துவரின் கையில் இருக்கிறது. சிரை வழியாக ஏற்றும் திரவத்தைக் குறைத்து, மையச் சிரை அழுத்தத்தை, அதாவது இதயத்துக்குள் நுழையும் பெரிய சிரையிலுள்ள அழுத்தத்தை, 5 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கீழே வைத்துக்கொண்டால் சிரைகள் தளர்ந்துவிடும், கசிவு வெகுவாகக் குறையும். 1990களில் பரவலான இந்த உத்தி வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாது. என் கணிப்பில், இன்று விளம்பரத்தோடு விற்கப்படும் எந்தப் பசையையும்விட அதிக ரத்தத்தை மிச்சப்படுத்தியது இதுவே. இதனோடு, பிரான்ஸில் குய்னோ 1957இல் கல்லீரலை எட்டுத் துண்டங்களாகப் பகுத்துக் காட்டிய வரைபடத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டத்துக்கும் தனி ரத்த வரத்து உண்டு என்று தெரிந்த பிறகு, எங்கே வெட்டினால் குழாய்கள் குறைவாக இருக்கும் என்பது சர்ஜன்களுக்குப் புலப்பட்டது. ஒலியலை அதிர்வால் திசுவை மட்டும் உடைத்து, குழாய்களைச் சேதமில்லாமல் வெளியே காட்டும் கருவிகளும் பிற்பாடு வந்தன.

ஆக, வெட்டி முடிக்கும் நேரத்தில் பெரிய குழாய்கள் எல்லாம் கட்டப்பட்டிருக்கும். நடுத்தரமானவற்றுக்குக் கிளிப் போட்டிருப்பார்கள். எஞ்சி நிற்பது குறிப்பிட்ட வாய் என்று எதையும் சுட்ட முடியாத கசிவு. காஸ் துணியை வைத்து ஒற்றி எடுத்தால் பரப்பு ஒரு கணம் வெளுத்துத் தெரியும், மறுகணம் பொட்டுப் பொட்டாக ரத்தம் அரும்பி ஒன்றோடொன்று சேர்ந்து வழியும். மின்சாரத்தால் சுடலாம். ஆர்கான் வாயுவின் வழியே மின்பொறியைப் பாய்ச்சித் தொடாமலே கருக்கும் கருவி இதற்கென்றே இருக்கிறது. கருகிய தோடு சில நேரம் உதிர்ந்துவிடும் என்பதும், பித்தக்குழாய்க்கோ பெரிய சிரைக்கோ அருகில் சூட்டைக் கொண்டுபோக முடியாது என்பதும் அதன் எல்லைகள். பசையின் களம் இங்கேதான் தொடங்குகிறது.

உடல் தானாக ரத்தத்தை உறைய வைக்கும் வேலையின் கடைசிப் படியை மட்டும் எடுத்துப் பார்ப்போம். ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கரைந்திருக்கிறது. காயம் பட்டதும் தொடர்வினைகள் பல நடந்து, இறுதியில் திராம்பின் என்ற நொதி உருவாகிறது. அது ஃபைப்ரினோஜன் மூலக்கூறின் நுனிகளிலிருந்து சிறு துண்டுகளை நறுக்கிவிடுகிறது. நுனி நறுக்கப்பட்ட மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இழைகளாக நீள்கின்றன. அதுதான் ஃபைப்ரின். பதின்மூன்றாம் காரணி என்ற இன்னொரு நொதி, கால்சியத்தின் துணையோடு அந்த இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து உறுதியாக்குகிறது.

பசை செய்பவர்கள் இந்தக் கடைசிப் படியை மட்டும் பிரித்துக் குப்பியில் அடைத்திருக்கிறார்கள். ஒரு சிரிஞ்சில் ஃபைப்ரினோஜனும் பதின்மூன்றாம் காரணியும். மற்றதில் திராம்பினும் கால்சியமும். ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 2 முதல் 4 மில்லிகிராம் வரை இருக்கும் ஃபைப்ரினோஜன், பசையில் 80, 90 மில்லிகிராம் என்ற அளவில் செறிந்திருக்கும். இரண்டும் கலந்ததும் வெண்ணிறப் படலம் உருவாகி ஒட்டிக்கொள்கிறது. திராம்பின் அடர்த்தியைக் கூட்டினால் சில நொடிகளில் இறுகும். குறைத்தால் ஒரு நிமிடம்போல அவகாசம் கிடைக்கும், துண்டுகளைப் பொருத்தி நேர்செய்ய அது உதவும். சில தயாரிப்புகளில், உடல் இந்த இழைகளைச் சீக்கிரம் கரைத்துவிடாமலிருக்க அப்ரோட்டினின் என்ற தடுப்பானையும் சேர்க்கிறார்கள்.

நோயாளியின் சொந்த உறைதிறன் குன்றியிருந்தாலும் இந்தப் பசை வேலை செய்யும் என்பதே அதன் பெரிய பலம். இது கல்லீரல் விஷயத்தில் தனி முக்கியத்துவம் பெறுகிறது. ஏனென்றால் ஃபைப்ரினோஜனைத் தயாரிப்பதே கல்லீரல்தான். திராம்பினாக மாறும் மூலப்பொருளும் மற்ற உறைகாரணிகளில் பெரும்பாலானவையும் அங்கேதான் உருவாகின்றன. கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் முற்றிய நோயாளியிடம் அவை குறைந்துபோயிருக்கும். மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அவையும் குறைந்திருக்கும். போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறியிருக்கும். அதிகம் கசியக்கூடிய கல்லீரல், கசிவை நிறுத்தும் பொருளைத் தயாரிக்க முடியாத கல்லீரலாகவும் இருக்கிறது. அப்போது முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து, அதாவது அவர்களுடைய கல்லீரல்கள் சுரந்த புரதத்திலிருந்து, ஒரு சிட்டிகையை இங்கே கொண்டுவந்து வைக்கிறோம். பசையின் விலையைப் பார்த்து மலைக்கும்போதெல்லாம் இந்தப் பங்களிப்பையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இந்த யோசனை புதிதல்ல. 1909லேயே பெர்கல் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஃபைப்ரின் தூளைக் காயத்தில் தூவிப் பார்த்தார். 1940இல் ஆக்ஸ்ஃபோர்டில் யங், மெடவார் இருவரும் அறுந்த நரம்புகளை ரத்தப் பிளாஸ்மாவால் ஒட்டவைத்தார்கள். அந்த மெடவார்தான், உடல் ஏன் மாற்று உறுப்பை நிராகரிக்கிறது என்பதை ஆராய்ந்து 1960இல் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஹார்வர்டில் எட்வின் கோன் பிளாஸ்மாவைப் புரதம் புரதமாகப் பிரிக்கும் முறையைக் கண்டதும், ஃபைப்ரினோஜனும் திராம்பினும் தனித்தனியே கிடைத்தன. 1944இல் தீக்காயத்துக்கு வைக்கும் தோலை ஒட்ட இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். ஃபைப்ரினோஜன் போதிய செறிவில் இல்லாததால் பிடிப்பு போதவில்லை. 1972இல் வியன்னாவில் ஹெலன மாட்ராஸ் குழுவினர் செறிவூட்டிய ஃபைப்ரினோஜனைக் கொண்டு நரம்பை ஒட்டிக் காட்டிய பிறகே அது சந்தைக்கு வரும் பொருளாயிற்று.

ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தபோதும் அமெரிக்கா இருபது ஆண்டுகள் கதவைத் திறக்கவில்லை. பலருடைய பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து எடுக்கும் ஃபைப்ரினோஜனால் ஹெபடைடிஸ் பி பரவியது தெரிந்து, 1970களின் பிற்பகுதியில் அங்கே அதற்கான உரிமங்களை விலக்கிக்கொண்டார்கள். கல்லீரலைக் காக்கப் பூசும் பொருள் கல்லீரலையே கெடுக்கும் கிருமியைச் சுமந்து வரலாம் என்னும்போது அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. கொடையாளர் ஒவ்வொருவரையும் சோதிப்பது, கரைப்பானாலும் வெப்பத்தாலும் வைரஸ்களை அழிப்பது, மிக நுண்ணிய வடிகட்டியில் வடிப்பது எல்லாம் வழக்கத்துக்கு வந்த பிறகு, 1998இல் டிஸ்ஸீல் என்ற பசைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உரிமம் அளித்தது.

இன்று தியேட்டரில் இரண்டு வடிவங்கள் புழங்குகின்றன. ஒன்று திரவம். இரண்டு சிரிஞ்சுகளையும் ஒரே தண்டால் தள்ளினால் முனையில் கலந்து வெளியே வரும். நடுவில் கையை நிறுத்தினால் முனையிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும், முனையை மாற்றிவிட்டுத்தான் தொடர வேண்டும். ஆகவே எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று முன்பே தீர்மானித்துக்கொண்டு, ஒரே மூச்சில் பூசுகிறார்கள்.

மற்றது ஒட்டுத்தாள். பரவலாக அறியப்பட்ட டாக்கோசில் என்ற தயாரிப்பில், குதிரையின் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன் விரிப்பின் ஒரு பக்கத்தில் மனித ஃபைப்ரினோஜனும் திராம்பினும் உலர்ந்த நிலையில் படிந்திருக்கும். சதுர சென்டிமீட்டருக்கு ஃபைப்ரினோஜன் 5.5 மில்லிகிராம். எந்தப் பக்கம் என்று குழம்பாமலிருக்க அந்தப் பக்கத்துக்கு ரிபோஃபிளேவின் கொண்டு மஞ்சள் நிறம் ஏற்றியிருப்பார்கள். வெட்டுப்பரப்பின் ஓரங்களைத் தாண்டி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேவும்படி தாளைக் கத்தரிக்க வேண்டும். உலர்ந்த தாள் ரத்தம் பட்ட கையுறையைக் கண்டால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும் என்பதால், சர்ஜன் முதலில் கையுறையை உப்புநீரில் கழுவி ஈரமாக்கிக்கொள்வார். மஞ்சள் பக்கம் கல்லீரலில் படும்படி வைத்து, மேலே ஈரக் காஸை விரித்து, உள்ளங்கையால் மூன்று நிமிடமாவது அழுத்திப் பிடிப்பார். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொல்வார். அந்த மூன்று நிமிடமும் கையைத் தூக்கி எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வதுதான் பெரிய கலை. நேரம் ஆனதும் தாளின் ஓரத்தை ஒரு ஃபோர்செப்ஸால் லேசாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு, காஸை மறு ஓரத்திலிருந்து மெல்லச் சுருட்டி எடுப்பார்கள். நேரே இழுத்தால் தாளும் கூடவே வந்துவிடும்.

எந்த வடிவமானாலும் ஒரு நிபந்தனை உண்டு. பரப்பு அந்தக் கணத்தில் கூடியவரை உலர்ந்திருக்க வேண்டும். ஓதம் ஏறிய சுவரில் அடித்த பெயின்ட் பட்டை பட்டையாக உரிந்து வருவதைப் பார்த்திருப்போம். ஓடும் ரத்தத்தின்மேல் பூசிய பசையும் அப்படியே மிதந்து கழன்றுவிடும், அடியில் கசிவு தொடரும். இதனால்தான் பிரிங்கிள் கிளாம்ப் இறுகியிருக்கும்போதே பசையைப் பூசி, அது பிடித்த பிறகு கிளாம்ப்பைத் தளர்த்துவதைப் பல சர்ஜன்கள் விரும்புகிறார்கள். சைனுசாய்டுகளில் ரத்தம் மிகக் குறைந்த அழுத்தத்தில் நகர்வதால் அந்தக் கசிவைப் படலம் தாங்கிக்கொள்ளும். பீறிட்டடிக்கும் தமனிக்கோ வாய் திறந்த பெரிய சிரைக்கோ பசை பரிகாரமாகாது. அங்கே முடிச்சுதான் போட வேண்டும். கட்ட வேண்டிய குழாயைக் கட்டாமல் மேலே பசையை அப்பி மறைப்பது ஆபத்தான வேலை. மேலே பார்க்கச் சுத்தமாக இருக்கும், உள்ளே ரத்தம் திரளும்.

பசைக்கென்று சில ஆபத்துகளும் உண்டு. ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் அங்கேயே உறைந்து அடைக்கும். பரவலாகத் தெளிப்பதற்காக வாயு அழுத்தம் கொடுத்து அடிக்கும்போது, அழுத்தம் மிகுந்தாலோ முனையைப் பரப்புக்கு மிக அருகே கொண்டுபோனாலோ, திறந்த சிரை வழியே காற்று ரத்தத்தில் கலந்து உயிரையே பறித்துவிடும். 2010இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. மையச் சிரை அழுத்தத்தைத் தாழ்த்தி வைத்திருக்கும் கல்லீரல் அறுவையில் காற்று உள்ளிழுக்கப்படுவது இன்னும் எளிது என்பதால் இங்கே இரட்டிப்புக் கவனம் தேவை. முன்பு பரவலாக இருந்த மாட்டுத் திராம்பின் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. அதற்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்புப் புரதங்கள் சிலரிடம் அவர்களுடைய சொந்த ஐந்தாம் காரணியையே தாக்கி, பிறகு ரத்தப்போக்கை உண்டாக்கின. மனிதத் திராம்பினும் மரபணுப் பொறியியலால் செய்த திராம்பினும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டதற்கு இது ஒரு காரணம்.

இனி, இதெல்லாம் நோயாளிக்கு எவ்வளவு உதவுகிறது என்ற கேள்விக்கு வருவோம். 2005இல் ஐரோப்பிய மருத்துவமனைகள் பலவற்றின் மருத்துவர்கள் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் கட்டக் கட்டும் தையலும் முடிந்த பிறகும் கசிவு நிற்காத 121 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு ஒட்டுத்தாளும் மறு பாதிக்கு ஆர்கான் கருக்கலும் தந்தார்கள். ரத்தம் நிற்க ஒட்டுத்தாளுக்குச் சராசரியாக 3.9 நிமிடமும், ஆர்கானுக்கு 6.3 நிமிடமும் ஆயின. பின்னால் நடந்த இதே மாதிரி ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. பசை வேகமாக ரத்தத்தை நிறுத்துகிறது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் இரண்டு நிமிடம் முன்னதாக நின்றதால் நோயாளி நன்றாகத் தேறினாரா என்று கேட்டால் பதில் மாறுகிறது. ஸ்பெயினில் 300 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் பசை பூசி, 2007இல் முடிவு சொன்னார்கள். ரத்தம் ஏற்றுவதிலோ பித்தக்கசிவிலோ பிற சிக்கல்களிலோ வித்தியாசம் இல்லை. எல்லோருக்கும் வழக்கமாகப் பூசுவதற்கு நியாயமில்லை என்று அந்தக் கட்டுரையின் தலைப்பே சொல்லிவிட்டது. நெதர்லாந்தில் 310 பேரிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்விலும் வெட்டுப்பரப்பு சார்ந்த சிக்கல்கள், அதாவது ரத்தப்போக்கு, பித்தக்கசிவு, சீழ்க்கட்டு ஆகியவை, பசை பூசியவர்களிலும் பூசாதவர்களிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான், நூற்றுக்கு 24.

இந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படவில்லை. அவை கேட்ட கேள்விகள் வேறு. முதலாவது, கசிந்துகொண்டிருக்கும் பரப்பில் எது விரைவாக நிறுத்தும் என்று கேட்டது. மற்றவை, கசிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் பூசினால் நன்மை உண்டா என்று கேட்டன. விற்பனைப் பிரதிநிதி கொண்டுவரும் வண்ணத் தாளில் முதல் கேள்வியின் பதில் மட்டும் பெரிதாக அச்சாகியிருக்கும். நல்ல சர்ஜனின் கையில் காய்ந்து நிற்கும் வெட்டுப்பரப்பின்மேல், சும்மா இருக்கட்டும் என்று விலை மிகுந்த தாள் ஒன்றை ஒட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் செலவு பல குடும்பங்களில் கடனாக ஏறுகிறது. அதே தாள், சிரோசிஸ் நோயாளிக்குச் சுட முடியாத இடத்தில், பெரிய சிரையை ஒட்டிய பரப்பில் கசிவு அடங்காமல் நிற்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் அதுவும் பெரிய குறைதான். எல்லா அறுவைக்கும் திறக்காமல், எல்லா தியேட்டரிலும் இருப்பு வைத்திருப்பதே சரியான ஏற்பாடு.

இதில் நோயாளிக்கும் ஒரு பங்கு உண்டு. பசையில் இருப்பது பிறர் பிளாஸ்மா. தாளில் இருப்பது குதிரையின் கொலாஜன். ஜெலட்டின் கலந்த வேறு சில தயாரிப்புகளில் மாடோ பன்றியோ மூலமாக இருக்கும். நம்பிக்கை சார்ந்து இவற்றில் ஒன்றை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். மாட்டிலிருந்து எடுக்கப்பட்ட அப்ரோட்டினின் முன்பு உடலில் ஏறியவருக்கு, மறுமுறை கடும் ஒவ்வாமை வரவும் வாய்ப்புண்டு. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். என்ன வைத்தார்கள், எங்கே வைத்தார்கள் என்பது அறுவைக் குறிப்பிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் தெளிவாக இருக்க வேண்டும். இப்படி உள்ளே விட்டுவரும் பொருள்களில் சில, குறிப்பாக ஜெலட்டின் பஞ்சும் செல்லுலோஸ் வலையும், கரைந்து முடியும்வரை சி.டி. ஸ்கேனில் காற்றுக் குமிழ்களோடு சீழ்க்கட்டு போலவே தெரியும். காய்ச்சலோடு வேறொரு ஊரில் வேறொரு மருத்துவரிடம் போய் நிற்கும் நோயாளியின் கையில் அந்த ஒரு வரி இருந்தால், சீழ் எடுக்க ஊசியைக் குத்துவதற்கு முன் அந்த மருத்துவர் ஒருமுறை யோசிப்பார்.